சுவரெல்லாம் என் சேலை

மேம் மிகப் பெரிய ஓவியர். இதை நான் சொல்லவில்லை, அவரேதான் சொன்னார். காலையில் வேலை தொடங்கும்போது ஒருமுறை, தேநீர் குடித்த பிறகு இன்னொருமுறை. வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தால் அது நடக்கிற காரியமில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போவில், இந்த வெள்ளைக்கார அம்மாவைச் சுற்றி இருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடினார்கள், குடித்தார்கள், ஈயத்தின் விலையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ஓவியத்தை மெச்ச நானும் டிரைவர் அண்ணனும்தான் இருந்தோம். எங்களுக்கு அவர் சம்பளம் கொடுத்தார்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் சீவப் போகிறவர்கள். நான் ஐந்தாம் படிவத்தில், பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில், எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டவள், ஆங்கிலம் ஒன்றைத் தவிர. அந்த ஆங்கிலத்துக்காகத்தான் மேம் என்னை வைத்துக்கொண்டார். தினமும் பஸ் பிடித்து ஈப்போ வருவேன். பட்டு இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தைத் துணிமேல் வைத்து, சாயத்தை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். சட்டத்தை எடுத்தால் கீழே பூவோ, இலையோ, மீனோ பதிந்திருக்கும். பிறகு சட்டத்தைக் கழுவ வேண்டும். கழுவும்போது மேமின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்க வேண்டும். இழுக்கிறதில் கை வலித்தது, கேட்கிறதில் மற்றதெல்லாம் வலித்தது.

அந்த வரலாறு எனக்கு மனப்பாடம். இளம் வயதில் லண்டனில் ரயிலுக்குப் போஸ்டர் வரைந்தார். நீச்சலுடை போட்ட ஒரு பெண் கையை ஆட்டி, வாருங்கள் கடற்கரைக்கு என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட பேச்சை நம்பிப் போனவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு சாண்ட்விச் தின்றார்கள் என்று மேமே சிரித்துக்கொண்டு சொல்வார். அப்புறம் ஜெர்மன்காரனோடு சண்டை வந்தது. அதே கையால் உருளைக்கிழங்கு நடு, விளக்கை அணை, வாயைப் பொத்து என்று வரைந்தார். ஊருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு ஒருத்தர் வேண்டுமே, அது இவராக இருந்தார். சண்டை முடிந்ததும் புகைப்படக்காரர்கள் வந்து போஸ்டர் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள். மேம் துணிக்குத் தாவினார். திரைச்சீலை, மேசைவிரிப்பு, மெத்தை உறை. லண்டனில் பாதி வீட்டில் என் திரைதான் தொங்கியது என்பார். மீதிப் பாதியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். கடைசியில் அந்த மோஸ்தரும் போயிற்று. கணவருக்கு ஈயக் கம்பெனியில் வேலை மாற்றம் கிடைக்க, பெரிய ஓவியர் எங்கள் ஊர் சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே வந்து சேர்ந்தார். இது தன்னுடைய மலாயாக் காலம் என்று அவர் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து அந்தக் காலத்தில்தான் இருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அப்படி இருக்கும்போதுதான், கோல்ஃப் மைதானத்தில் யாரோ யாரிடமோ சொல்லி, ஒரு போஸ்டர் வேலை வந்தது. கிளினிக்குகளில் ஒட்டுவதற்கு. சின்னக் குடும்பம், இரண்டு பிள்ளை போதும் என்ற விஷயம். மேமுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து மறுபடியும் போஸ்டர்! நான் திரும்பி வந்துவிட்டேன் என்று என்னைக் கட்டிப்பிடித்தார். என் ரவிக்கையெல்லாம் சாயம். மேமுக்குப் பிள்ளை கிடையாது, இரண்டு நாய் உண்டு. அந்த வகையில் தான் சொன்னதைத் தானே செய்து காட்டிய ஓவியர்தான்.

குடும்பம் ஒன்று முன்னால் உட்கார வேண்டும் என்றார். குடும்பத்துக்கு எங்கே போக? கண்ணில் பட்டவர்கள் நாங்கள்தான். டிரைவர் அண்ணன் புருஷன், நான் பெண்டாட்டி, நாய் மெத்தைகள் இரண்டும் பிள்ளைகள். டிரைவர் அண்ணனுக்கு வீட்டில் ஏழு பிள்ளை. போதும் என்று சொல்வதற்கு அவரைவிட அனுபவம் உள்ள ஆள் பேராக் மாநிலத்திலேயே கிடைக்காது.

"நான் என்னா தங்கச்சி பண்றது, ஒக்காரச் சொன்னா ஒக்காரணும்லா. காடி ஓட்டுறதுக்கு இது தேவலாம், ரோட்ட பாக்க வேணாம்" என்றார்.

நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வா என்று மேம் சொன்னார். என்னிடம் இருந்த நல்ல சேலை ஒன்றே ஒன்றுதான். மாம்பழ மஞ்சள், அகலமாகக் கத்தரிப்பூக் கரை. தீபாவளிக்கு சுங்கை சிப்புட்டில் எடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு, நாய் மெத்தையை மடியில் ஏந்திக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்தேன். மேம் வந்து வந்து முந்தானை மடிப்பைச் சரி செய்தார், முழங்கையை உயர்த்தினார், கரையை நீவினார். அசையாதே, அசையாதே. கழுத்து பிடித்துக்கொண்டது. இவ்வளவு உன்னிப்பாக என்னை ஒருத்தர் பார்க்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது உண்மை. நம்மை யார் பார்த்தார்கள் அதுவரைக்கும்?

அந்த மாதமே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தெலுக் இந்தான்காரர்கள், அப்போது ஊர்ப்பெயர் தெலுக் ஆன்சன். மாப்பிள்ளை எண்ணெய்ப்பனை ஆலையில் ஃபிட்டர். ஒரே பையன், அப்பா இல்லை, அம்மா மட்டும். சம்பந்தம் பேசின மாமா இவர்களைப் பஸ் ஸ்டாண்டில் இருந்து அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் தோட்டத்து வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தோம்.

நான் என்ன கட்டியிருப்பேன்? மாம்பழ மஞ்சள்தான். வேறு இருந்தால்தானே.

பெண் பார்க்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். பார்க்கத்தான் வருகிறார்கள், ஆனால் பெண் தலையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் அடங்காப்பிடாரி. அம்மா சமையல்கட்டிலேயே என் பிடரியை அமுக்கி விட்டுத்தான் அனுப்பினாள். "தல நிமுந்துச்சு, அப்புறம் தெரியும் சேதி." தரையைப் பார்த்துக்கொண்டே காப்பித் தட்டை நீட்டினேன். வந்தவர்களுக்கு என் நடு வகிடும் சேலைக் கரையும் தெரிந்திருக்கும். அதுவே போதும் போலிருந்தது. அந்த அம்மா, "சீல எடுப்பா இருக்கே, எங்க எடுத்தது?" என்று கேட்டாள். வேறொன்றும் என்னிடம் கேட்கவில்லை.

ஆனால் நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். தட்டைத் திரும்ப எடுக்கும்போது ஓரக்கண்ணால், ஒரே ஒரு தடவை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, அங்கே மயிர் முளைக்கவில்லை. ஒரு காது மற்றதைவிட விரிந்து நின்றது. காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். சீனி அதிகம் என்று அவருடைய அம்மா முகம் சுளிக்க, "இல்லம்மா, கரெக்டாதான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியும், நான்தான் கை தடுமாறி அள்ளிப் போட்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். பேச்சு முடிந்தது, தை பிறந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றலாம் என்றார்கள்.

போஸ்டர் அதற்குள் பிறந்துவிட்டது.

அச்சகத்தில் இருந்து சுருட்டி வந்ததை மேம் மேசையில் விரித்தார். நான் குனிந்து பார்த்தேன். என் சேலை. என் முந்தானை மடிப்பு, என் கரை, கடுகளவும் பிசகாமல். சேலைக்கு மேலே ஒரு முகம்: நீளக் கழுத்து, கத்தி போல மூக்கு, கொஞ்சம் சாய்ந்த தலை, சிரிக்கிறதா இல்லையா என்று தெரியாத உதடு. நிறம் மட்டும் என் நிறம். பக்கத்தில் டிரைவர் அண்ணனின் கோடுபோட்ட சட்டைக்குள் ஒரு அழகான ஆள். கீழே இரண்டு பிள்ளைகள், நாய் மெத்தையின் சாயல் துளியும் இல்லை.

"ஆத்தாடி, தங்கச்சி, அசல் நீதான்!" என்றார் டிரைவர் அண்ணன். "நான் கூட பரவால்லலா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீட்டில் இருந்தது அப்பா சவரம் செய்கிற கைக்கண்ணாடி. அதில் ஒரு நேரத்துக்கு ஒரு கண்ணோ, ஒரு கன்னமோதான் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடியம்மா, நாம் இவ்வளவு அழகா! கொஞ்ச நாள் அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கண்டக்டர்கூட ஒரு மாதிரி மரியாதையாக டிக்கெட் கிழித்ததாக ஞாபகம்.

தோட்டத்துக் கிளினிக்கில் ஒட்டியதும் ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. எங்கள் தோட்டத்தில் யாரிடம் என்ன சேலை என்று எல்லோருக்கும் தெரியும். கொடியில் காயப்போட்டிருப்பதைப் பார்த்தே வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். மாம்பழ மஞ்சள் என்றால் நான். முகத்தை எவன் பார்த்தான்? அம்மா போய் நின்று பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணம் ஆகாத பொண்ணுடி. ரெண்டு புள்ளையோட செவுத்துல ஒட்டி வச்சிருக்கான். பக்கத்துல எவனோ ஒருத்தன். நாசமாப் போச்சு." அது எவனோ ஒருத்தன் இல்லை, டிரைவர் அண்ணன்தான் என்று விளக்கினேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என்மேல் அகப்பையை எறிந்தாள்.

டிரைவர் அண்ணனின் மனைவியும் ஈப்போவில் பார்த்துவிட்டாள். சட்டை அவள் தைத்தது. மேமின் வாசலுக்கே வந்து, ஏழு பெற்றவள் நான் இருக்க, இரண்டு பெற்றவளோடு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று புருஷனைக் கேட்டாள். மேம் ஜன்னலில் இருந்து பார்த்து, மக்கள் மனதை என் ஓவியம் எவ்வளவு தொட்டிருக்கிறது பார் என்றார். தொட்டதுதான். அண்ணனின் கன்னம் சிவந்திருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது தெலுக் ஆன்சனில் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா சர்க்கரைக்கு மருந்து வாங்க கிளினிக் போயிருக்கிறாள். எதிரே சுவரில் மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூக் கரையும், புருஷனும் இரண்டு பிள்ளையுமாக உட்கார்ந்திருக்கிறது. சம்பந்தம் பேசின மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அந்தம்மா கேக்குறாங்க, பொண்ணு ஏற்கெனவே கட்டிக்கொடுத்த பொண்ணான்னு. நான் என்னா பதில் சொல்றது? அப்பிடி இல்லைன்னா, அப்பிடி வேசம் போட்டு ஒக்காந்த பொண்ணு எங்க வீட்டுக்கு எதுக்குங்குறாங்க. வரைஞ்சவங்களே வந்து இது உங்க பொண்ணு இல்லைன்னு சொன்னா பாக்கலாமாம். இல்லாட்டி சுசா லா, கஷ்டந்தான், விட்ருங்க."

அம்மா அழுதாள். நான் மறுநாள் மேமிடம் போய் நின்றேன்.

மேம் அப்போது அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். போஸ்டர் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் எடுத்து, வரிசை வரிசையாகத் துணியில் அச்சடித்து, ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை செய்யப் போகிறாராம். அடிக்கப் போவது யார்? நான்தான். கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று தெரியாமல், என் கல்யாணத்தைக் கெடுத்த முகத்தை நானே கஜம் கஜமாக இழுத்தேன். சட்டத்தைத் தூக்கத் தூக்க ஒருத்தி கீழே இருந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். கொழுப்பெடுத்தவள்.

நடந்ததைச் சொன்னேன். நீங்கள் தெலுக் ஆன்சன் வந்து, அது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். மேம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வருவதற்கு அவருக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் தன்னுடைய வேலையைப் பற்றித் தான் பொய் சொன்னதே கிடையாது, இனியும் சொல்லப் போவதில்லை, உண்மையைத்தான் சொல்வேன் என்றார். போருக்கு உருளைக்கிழங்கு வரைந்தவர்களுக்கு இப்படி ஒரு கொள்கை இருந்து தொலைக்கிறது.

ராத்தூக்கம் போனாலும் மூளை வேலை செய்தது. மேமுக்குத் தமிழ் தெரியாது, அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான்தானே! மேம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆமாம், இவளைத்தான் வரைந்தேன் என்றுகூடச் சொல்லட்டும். நான் தமிழில், "இவ இல்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசற்படி மிதிப்பதா என்று அம்மா குதித்தாள். வேறு வழி இருந்தால் சொல் என்றேன். போய்த் தொலை என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மேம் தன்னுடைய பெரிய தோல் பையையும் எடுத்துக்கொண்டார். லண்டனில் வரைந்த பழைய போஸ்டர்கள் எல்லாம் அதில்தான். அது இல்லாமல் அவர் யார் வீட்டுக்கும் போனதில்லை. நான் வெள்ளையில் பூப்போட்ட ஒரு சாதாரணச் சேலை. மஞ்சளை அம்மா பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருந்தாள். தெலுக் ஆன்சன் நெருங்கியதும் டிரைவர் அண்ணன் காடியை ஓரம் கட்டி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"நான் எறங்கி வர முடியாதுலா தங்கச்சி. நான்தானே ஒன் புருசன். பாத்தாங்க, தொலஞ்சேன். நீங்க போங்க, நான் ஆத்தோரமா நிக்கிறேன்."

மாப்பிள்ளை வீடு பாசார் சந்தைக்குப் பின்னால் பலகை வீடு. மேம் நுழைந்ததும் அக்கம்பக்கம் கதவில் கூடியது. அந்த அம்மா நாற்காலி போட்டு மேமை உட்கார வைத்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் மேமுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றேன். பழக்கம்.

"டேய், அத எடுத்துட்டு வா" என்றாள் உள்ளே பார்த்து.

அவர் வந்தார். கையில் சுருட்டின காகிதம், நசுங்காமல், ரப்பர் வளையம் போட்டு. தரையில் விரித்தார். குனிந்த தலையோடு எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. கிளினிக்கில் கேட்டு வாங்கினதோ, கிழித்ததோ, நம்முடைய போஸ்டர்தான். ஆனால் முழுசாக இல்லை. புருஷன் இல்லை. பிள்ளைகள் இல்லை. கத்தரியால் நிதானமாக வெட்டி, அந்தப் பெண்ணை மட்டும் வைத்திருந்தார். சேலைக் கரையின் வளைவில்கூடக் கத்தரி பிசகவில்லை. மேலே இரண்டு மூலையிலும் ஊசி குத்தின ஓட்டை. எங்கேயோ மாட்டி வைத்திருக்கிறார்.

அவருடைய அம்மா என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் இவர் என்னைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! டிரைவர் அண்ணனைக் கத்தரியால் வெட்டித் தள்ளிவிட்டு! இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? இப்போதே தாலி கட்டினாலும் சம்மதம். மேம் என்ன உளறினாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று தெம்பாக நின்றேன்.

"கேளு" என்றாள் அந்த அம்மா. "இது நீதானான்னு அவங்கள கேளு. உள்ளத உள்ளபடி சொல்லணும்."

கேட்டேன். மேம் போஸ்டரைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார், நிஜமாகவே குழம்பிப் போனார். இவளா? இவளை நான் வரையவே இல்லையே என்றார். சேலை விழுகிற விதம் தெரிவதற்காகத்தான் இவளை உட்கார வைத்தேன், முகத்துக்கு யாரும் உட்காரத் தேவையில்லை, என்னுடைய முகம் ஒன்று என்னிடம் எப்போதும் உண்டு என்றார். சொல்லிவிட்டுத் தோல் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார்.

நான் அதையெல்லாம் எத்தனை தடவை தூசி தட்டியிருக்கிறேன்! சேர்த்துப் பார்த்ததில்லை. கடற்கரையில் கை ஆட்டுகிறவள், உருளைக்கிழங்குக் கூடைக்காரி, தலையில் கைக்குட்டை கட்டிய தொழிற்சாலைக்காரி, ரயில் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவள். அதே நீளக் கழுத்து, அதே மூக்கு, அதே சாய்வு. வாழ்க்கை முழுக்க மேம் ஒருத்தியைத்தான் வரைந்திருக்கிறார். கடைசியாக அவளுக்குக் கறுப்புப் பூசி என் சேலையைக் கட்டிவிட்டார்.

"என்னா சொல்றாங்க?" என்றாள் அந்த அம்மா.

சொல்ல வேண்டிய பொய்யைப் பஸ்ஸிலும் காடியிலும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதுவே உண்மையாக வந்து நின்றால் என்ன செய்வது?

"ஏய், கேக்குறேன்ல, என்னா சொல்றாங்க?"

"இவ இல்லையாம்" என்றேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தாள். நீச்சலுடைக்காரியின் மேல் சட்டென்று ஒரு தலையணை உறையைப் போட்டு, கழுத்துக்கு மேல் மட்டும் தெரியவிட்டாள். ஒவ்வொரு மூக்காக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு என்னிடம் வந்தாள். "தலையத் தூக்கு பாப்போம்." தூக்கவில்லை. அவளே என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். வெளிச்சத்துக்காக என்னை வாசல் பக்கம் திருப்பினாள். அக்கம்பக்கமும் பார்த்தது. அவரும் பார்த்தார்.

"ஆமா, இவ இல்லதான்" என்றாள் அந்த அம்மா. "மூக்க பாரு, சப்பையா இருக்கு. கழுத்தும் இல்ல. சீலதான் ஒண்ணு. சீ, இதுக்குப் போயி இம்புட்டு நாளு மனச ஒழப்பிக்கிட்டேன்."

கல்யாணம் பிழைத்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூக்கு எப்படி இருந்தால் என்ன, சந்தேகம் தீர்ந்ததே! அவருடைய முகத்தைப் பார்த்தேன், இந்தத் தடவை நேராகவே.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டி வைத்திருந்த காகிதத்தை விரலால் மெல்ல நகர்த்தினார்.

"அப்ப இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

அன்று அவர் அந்த வீட்டில் பேசிய ஒரே வார்த்தை அதுதான். என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தானே நடுவில் ஆள். நான் அதை மேமுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். என்ன செய்ய, கேட்டுவிட்டாரே.

மேமின் கன்னம் சிவந்தது. வயசான பொம்பளை வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான்தான் என்றார். பத்தொன்பது வயதில், ஓவியப் பள்ளியில், முன்னால் உட்கார ஆள் கிடைக்காமல் கண்ணாடியைப் பார்த்து வரைந்து பழகினேன், அப்புறம் வேறு முகம் கைக்கு வரவே இல்லை என்றார். சந்தோஷமாக, நீளமாகச் சொன்னார். நான் சுருக்கிச் சொன்னேன்.

"அவங்கதானாம். சின்ன வயசுல."

வீடே சிரித்தது. அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். "வெள்ளக்காரிக்கு சீல கட்டி நம்ம கிளினிக்குல ஒக்கார வச்சிருக்கானுங்களே!" அவர் சிரிக்கவில்லை. காது இரண்டும் சிவந்துபோய், காகிதத்தையும் மேமையும் மாறி மாறிப் பார்த்தார். மேமின் அந்த மூக்கு அப்போதும் அப்படியே இருந்தது. மேம் பேனாவை எடுத்து, மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டு, காகிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மேமுக்குச் சாப்பாடு போட்டார்கள். எனக்கும் போட்டார்கள், இல்லை என்று சொல்லக் கூடாது. புறப்படும்போது வாசல்வரை வந்து அந்த அம்மா சிரித்த முகமாகச் சொன்னாள், "சரிம்மா, போயிட்டு வாங்க. சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணாய்ப் பிறந்த எவளுக்கும் விளக்க வேண்டியதில்லை. சொல்லி அனுப்பவில்லை.

ஆற்றோரம் டிரைவர் அண்ணன் துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார். "என்னா தங்கச்சி, காயா பழமா?"

"காய்தாண்ணே."

"ஏன், அவங்க ஒத்துக்கலியா?"

"ஒத்துக்கிட்டாங்க. நான் இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க."

அவருக்கு விளங்கவில்லை, காடியை எடுத்தார். பின்சீட்டில் மேம், எவ்வளவு அன்பான குடும்பம், அந்தப் பையனுக்கு ஓவியத்தில் உண்மையான ரசனை இருக்கிறது, நீ கொடுத்துவைத்தவள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கம்பார் தாண்டும்வரை அழுதேன். மூக்கைச் சொன்ன அந்த அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டாவது சொன்னாள். மேமின்மேல் எரிச்சல் வந்தது, ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளையை நினைத்துத்தான் ஆற்றாமை. அந்த ஞாயிறுக்கு முன்னால் நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, காப்பித் தட்டுக்கு மேலே, திருட்டுத்தனமாக. அதற்கப்புறம் எங்கோ வடக்கே பாரிட் புந்தார் பஸ் ஸ்டாண்டில் அவருடைய சட்டையையே மாட்டிவிட்டு வேறு எவன் முகத்தை வரைந்து ஒட்டியிருந்தாலும், தெருவின் அந்தப் பக்கம் நின்றே சொல்லியிருப்பேன், இது அவர் இல்லை என்று.